இந்தியாக்கார மருமகன்

“அங்கேயும் தமிழ்தானே பேசுறாங்க, உனக்கென்னப்பா கஷ்டம்?”

திருவாரூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. துபாய்க்குப் போனவனிடம் வெயில் எப்படி என்று கேட்பார்கள். கனடாவுக்குப் போனவனிடம் பனியைப் பற்றிக் கேட்பார்கள். இலங்கையின் வடக்கே கிளிநொச்சிக்குப் போனவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. ஏதோ மாற்றலாகிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருக்கிறேன் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

இந்தப் பக்கமும் அப்படித்தான். கிளிநொச்சி இருக்கிற இந்த வன்னிப் பகுதியில் எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, சொல்லவேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர் சீரியலைத்தான் இவர்களும் பார்க்கிறார்கள். எங்கள் சட்டமன்றத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது என்னைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு ஜப்பான்காரன் வந்து இறங்கியிருந்தால் ஊரே கூடி அவனுக்குக் கிணற்றுக்கட்டையும் பாம்புப் புற்றையும் காட்டியிருக்கும். நானோ ‘தமிழ்நாட்டுப் பெடியன்தானே’. வேற்றுமொழி ஊரில் போய் இறங்குகிறவனுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல உரிமை உண்டு. எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

(பேச்சு வழக்கு வேறுபாடுகளைப் பட்டியல் போடுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். அதை வைத்து யூடியூபில் நிறைய பேர் பிழைக்கிறார்கள்.)

என் மனைவி இராமநாதபுரத்துக்காரி. ஆமாம், கிளிநொச்சி மாவட்டத்திலும் ஒரு இராமநாதபுரம் இருக்கிறது, வட்டக்கச்சியை அடுத்து. என் அப்பா சொந்தக்காரர்களிடம் “பையன் ராமநாதபுரத்துல இருக்கான்” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் எழுந்து போய்விடுவார். சொன்னதில் பொய் இல்லை. ‘வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டான்’ என்று சொல்வதைவிட அவருக்கு அது சுலபம், அவ்வளவுதான்.

அவள் இந்திய அரசின் உதவித்தொகையில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்தவள். நான் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். அவளுடைய ஆய்வேட்டை வடிவமைத்துக் கொடுத்ததில் தொடங்கியது எங்கள் பழக்கம். கல்யாணம் திருவாரூரில் நடந்தது. பிறகு அவளுக்குச் சொந்த ஊர்ப் பக்கமே அரசு வேலை கிடைத்தது. என் வேலைக்கு ஒரு லேப்டாப்பும் இணையமும் போதும். எனவே யார் இடம் மாறுவது என்பதில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து வேனில் ஏ9 நெடுஞ்சாலை வழியாக வடக்கே. முறிகண்டிப் பிள்ளையார் கோவில் வந்ததும் யாரும் சொல்லாமலேயே வண்டி நின்றது. டிரைவர் இறங்கித் தேங்காய் உடைத்தார், என் மனைவி கச்சான் (வேர்க்கடலை) வாங்கினாள், எல்லோரும் கொறித்துக்கொண்டே மறுபடி ஏறினோம். அந்த வழியில் போகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டோடு மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்தவனுக்குக் கடைசிவரை ஒரு நக்கல் பின்னாலேயே வரும். இங்கே பெண்ணுக்கு வீடும் காணியும் கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பதும் சர்வசாதாரணம். எங்கள் ஒழுங்கையில் (சந்துக்கு இங்கே அதுதான் பெயர்) பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் மனைவி வீட்டுக் காணியில்தான் இருக்கிறார்கள். ஒருவருக்கும் முகம் சுருங்கவில்லை. நான்தான் முதல் சில மாதங்கள் தேவையில்லாமல் விறைப்பாகத் திரிந்தேன். மாமா என்னிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் அதில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்குமோ என்று யோசிப்பேன். அவருக்கு வாய்க்காலில் அடைப்பு எடுக்க இன்னொரு கை வேண்டும், வேறு ஒன்றும் இல்லை.

காணி அவருடைய அப்பா காலத்தில் கிடைத்தது. 1950களில் இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் காணி போதாத குடும்பங்கள் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறின. அரசு கொடுத்தது உறுதி (சொந்தப் பத்திரம்) அல்ல, பெர்மிட். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகிற பெர்மிட் அது. விற்கவோ பிரிக்கவோ நினைத்தால் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். என் பெயர் அந்தக் காகிதத்தில் ஏற வழியே இல்லை. வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதற்கு 2014இலிருந்து சட்டத்திலேயே தடை. ஊரில் என் பெயரில் ஒரு குழி நிலம் இருக்கிறதா என்று கேட்கிற மாமாக்கள் இதைப் படித்துத் தெளிவுபெறட்டும்.

வீடு இன்னும் வேடிக்கை. அது ‘இந்தியன் வீடு’. போர் முடிந்த பிறகு இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலுமாக 50,000 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக. வேலையைக் குடும்பமே பார்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுக் கூரை, இரண்டு அறை, ஒரு குசினி. அந்த ஐந்தரை லட்சம் எதற்குக் காணும்? கூரை ஏறும்போது மாமியின் காதில் கிடந்தது அடகுக்குப் போய், மீட்க வருடங்கள் ஆயின. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார்: “பாருங்கோ, உங்கட ஆக்கள் முதல்ல வீட்டை அனுப்பிப்போட்டுப் பிறகு மாப்பிள்ளையை அனுப்பியிருக்கினம்.”

நான் வந்த நேரம் மகா நேரம். அதற்கு முந்தைய வருடம் அரசு ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்து, நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்திருந்தது. அதற்குள் மழைக்கால நெல்லான பெரும்போகம் விதைத்தாயிற்று. நான் பார்த்த முதல் அறுவடையில் மாமாவுக்குக் கிடைத்தது வழக்கத்தில் பாதிகூட இல்லை. களத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாக்குகளைத் திரும்ப மடித்து வைத்தார். மார்ச் வந்தபோது பொருளாதார நெருக்கடியில் மொத்த நாடும் நின்றுபோனது. டீசல் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மின்சாரம் வருகிற நேரத்தைப் பார்த்து எழுந்து, நடுச்சாமத்தில் சென்னைப் பதிப்பகத்தின் கவிதைத் தொகுப்புக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருப்பேன்.

என் மனைவிக்குப் பயம், ‘இந்தியாக்காரன் அடுத்த விமானம் பிடித்து ஓடிவிடுவான்’ என்று. நடந்தது நேர்மாறு. அந்த வருடம் மட்டும் ஊரில் எல்லோருமே வாழ்க்கையைப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. என்னுடைய தெரியாமை தனித்துத் தெரியவில்லை. வரிசையில் நிற்பதற்கு ஊர் பேர் தேவையில்லை. எரிபொருள் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, அப்புறம் கியூஆர் அட்டை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லிட்டர் வரிசை. மாமாவின் பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்பேன். மத்தியானத்துக்குள் முன்னால் நிற்பவரின் மகள் எந்த வகுப்பு, பின்னால் நிற்பவருக்கு எந்தப் பக்கம் மூட்டுவலி எல்லாம் தெரிந்துவிடும். என் கதையும் அவர்களுக்கு. அங்கேதான் எனக்கு ஊரில் ஆள் சேர்ந்தது. கோவில் திருவிழாவில் அறிமுகமானவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வரிசையில் அறிமுகமானவர்கள் இன்றைக்கும் வண்டியை நிறுத்திப் பேசுகிறார்கள்.

வீட்டுக்குள் மாமியும் மாமாவும் எந்தப் பதற்றமும் காட்டவில்லை. கொழும்பில் காஸ் சிலிண்டருக்கு அடிதடி என்று செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது மாமி விறகடுப்பில் புட்டு அவித்துக்கொண்டிருப்பார். “தம்பி, நாங்கள் இதெல்லாம் எப்பவோ பாத்திட்டம்” என்பார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில்தான் என் மனைவியின் பெரிய அக்கா படித்தாராம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் துணி தோய்த்தார்களாம். மாமா தன் பங்குக்கு மோட்டார் சைக்கிள் கதையை எடுத்தார். ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு துளி பெட்ரோல், ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, “இப்ப மண்ணெண்ணையும் இல்லையே” என்று சிரித்தார். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனபோதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

ஒரு விஷயம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். என் சம்பளம் இந்திய ரூபாயில். நான் வந்தபோது நம் ஒரு ரூபாய்க்கு இரண்டரைச் சொச்சம் கிடைத்தது; சில மாதங்களில் நாலரையைத் தாண்டியது. பக்கத்து வீடுகளில் சோறு ஒரு நேரமாகக் குறைந்துகொண்டிருந்தபோது, நான் உட்கார்ந்த இடத்தில் பணக்காரனாகிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் குடியேறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணம் எப்படிப் போதவில்லை என்று எழுதுகிறார்கள். இதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டுச் செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். மாமாவிடம் கொடுத்தால் வாங்க மாட்டார் என்பதால் மாமியின் சீனிப் போத்தலுக்குள் வைப்பேன். அவர் எடுத்துக்கொண்டார் என்பது போத்தல் காலியாகிறதிலிருந்துதான் தெரியும்.

அந்த மே மாதம் தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பியது. எங்கள் கிராம அலுவலர் பிரிவுக்கும் மூட்டைகள் வந்தன. பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மாமாவுக்குப் பதிலாக நான் போய் வாங்கினேன். கையெழுத்துப் போட்ட பிறகு கிராம அலுவலர் நிமிர்ந்து பார்த்து, “உங்கட ஊர் அரிசியை நீங்களே வந்து வாங்கிறியள்” என்றார். மாமி ஒரு பிடி அள்ளிப் பார்த்து, “புட்டுக்கு மா இடிக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். சோற்றுக்கு இவர்களுக்குச் சிவப்புக் குத்தரிசிதான்.

கிராம அலுவலர் என்றதும் நினைவுக்கு வருகிறது, என் இருப்பே அவர் கையில்தான் இருக்கிறது. துணைவருக்கான வதிவிட விசாவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நான் இன்னாருடைய கணவன், இன்ன வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவர் எழுதித் தர, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: ‘கிராம அலுவலர் விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாக அறிவார்?’ முதல் தடவை அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “எப்ப வந்தனீங்கள்?” என்றார். சொன்னேன். “சரி, அண்டைக்கிலயிருந்து தெரியும்” என்று எழுதினார். இடையில் சிவில் உடுப்பில் ஒருவர் வந்து, மாமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் பாஸ்போர்ட் எண்ணையும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் எழுதிக்கொண்டு போனார். எனக்கு வியர்த்துவிட்டது. மாமிக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர் வாழ்க்கையில் எத்தனை பேர் எத்தனை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்!

காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறினால் விடிகாலை கொழும்பு, அங்கிருந்து குடிவரவுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லை. அங்கே போனால் நான் முழு வெளிநாட்டுக்காரன், எனக்கு நிம்மதியாக இருக்கும். வரிசையில் ஒரு ஜெர்மன்காரர், மாலத்தீவுப் பெண் ஒருவர், நான். எல்லோருக்கும் எது எந்த ஜன்னல், எதற்கு எத்தனை நகல் என்று பொறுமையாக விளக்குகிறார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது என்பதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பதற்றமெல்லாம் என் மனைவிக்குத்தான். நான் கூச்சமில்லாமல் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பேன். அவள் தன் தட்டுத்தடுமாறும் சிங்களத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சொந்த நாட்டில் அவள் அப்படி, அந்நிய நாட்டில் நான் இப்படி. திரும்பி வருகிற பஸ்ஸில் தமிழ்ப் பக்கம் தொடங்குகிற வவுனியா தாண்டியதும்தான் அவள் தோள் இறங்கும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது வயல். ஆனால் அதிலும் நான் கொண்டுவந்த பாடம் உதவவில்லை. டெல்டாவில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் மேட்டூர். ஜூன் 12 அன்று திறப்பார்களா மாட்டார்களா, கர்நாடகம் விடுமா விடாதா என்பதுதான் எங்கள் பஞ்சாங்கம். எங்கோ இருக்கிற அணையை நம்பி, யாரோ பேசித் தீர்க்கிற பேச்சுவார்த்தையைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே இரணைமடு சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. கனகராயன் ஆறும் வடகீழ்ப் பருவமழையும் என்ன கொடுக்கிறதோ அதுதான் கணக்கு. முழுக் கொள்ளளவு 36 அடி. “குளம் எத்தினை அடி?” என்பது டிசம்பரில் தேநீர்க்கடை விசாரிப்பு. 2018 டிசம்பரில் வான்கதவுகளைத் திறந்து ஊரெல்லாம் வெள்ளமான கதையைக் கேட்காமல் அந்த மாதம் கழியாது.

நாற்றும் நடவும் பார்த்து வளர்ந்த எனக்கு, இவர்கள் பெரும்போகத்தில் காய்ந்த புழுதியில் நெல்லை அள்ளி வீசிவிட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை முதலில் நம்ப முடியவில்லை. புரட்டாசியில் விதைத்தாயிற்று. வானம் வெளுத்துக் கிடக்கிறது. மாமா பதறாமல் வேலியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஐப்பசியில் மழை இறங்கியதும் நிலம் பச்சையாகிறது. எங்கள் ஊரில் கோடையில் உழுத மண்ணில் நேரடியாக விதைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதைத் தண்ணீர் வராத வருடத்தின் தோல்வி மாதிரித்தான் பேசுவோம். இங்கே அதுதான் முறை.

அதைவிட என்னை அசத்தியது சிறுபோகம். மழைக்காலம் முடிந்த பிறகு குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை வைத்து எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். அரசாங்க அதிபர் (நம் ஊர் கலெக்டர் மாதிரி), நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகள் எல்லோரும் உட்காருவார்கள். முழு வயலுக்கும் போதாத வருடத்தில் குறிப்பிட்ட வாய்க்கால்களின் கீழ் உள்ள காணியில் மட்டும் விதைப்பது. ஆனால் அந்த நிலத்தை மற்றவர்களும் பங்கு பிரித்துக்கொள்வது. அதாவது உன் வயலில் இந்தப் போகம் நான் விதைப்பேன், அடுத்த தடவை என் பக்கம் நீ வரலாம். எங்கள் பக்கம் மாமன் மச்சானுக்குள்ளேயே இது வெட்டுக்குத்தில் முடியும். இங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. பங்கை யாருக்கு விற்றான், யார் கள்ளமாக மதகைத் திறந்தான் என்று கூட்டத்தில் கூரை பறக்கும். ஆனால் பறந்த பிறகும் பங்கு பிரிகிறது. மாமாவுக்கு முழங்கால் சரியில்லாததால் சில கூட்டங்களுக்கு என்னை அனுப்புகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வந்து ஒப்பிப்பேன். ஏக்கர் கணக்கைவிட யார் யாரைப் பார்த்துக் கத்தினார்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

இனிச் சொல்லப்போவது, யாருமே எனக்குச் சொல்லித்தராத இன்னொரு பாடம். இங்கே காலத்தை வருடத்தால் மட்டும் எண்ணுவதில்லை. ‘96 இடப்பெயர்வுக்கு முதல்’, ‘சமாதான காலத்தில’, ‘முகாமில இருக்கேக்க’, ‘மீள வந்த பிறகு’. பேரப்பிள்ளை பிறந்ததையும் மாடு வாங்கியதையும் இப்படித்தான் சொல்வார்கள். பொருள்களுக்கு அவை எங்கே வரை வந்தன என்பதுதான் வரலாறு. 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், இந்த ஊரே கிழக்கே நகர்ந்தபோது மாமா டிராக்டர் பெட்டியில் வீட்டை ஏற்றினாராம். “தையல் மெசின் விசுவமடு வரைக்கும் வந்தது. அலுமாரி உடையார்கட்டில விட்டது.” மாமி இதை, பஸ்ஸில் குடையை மறந்ததைச் சொல்கிற குரலில் சொல்வார். அதற்குப் பிறகு மாத்தளன், முள்ளிவாய்க்கால். அங்கே பொருள்களின் பட்டியல் நின்றுவிடும், வேறு பட்டியல் தொடங்கும். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அம்மிக்கல் மட்டும் புதைத்த இடத்திலேயே இருந்ததாம். இன்றைக்கும் சம்பல் அதில்தான்.

எங்கள் ஊர் வீடுகளில் முன்கூடத்துச் சுவர் தெரியாத அளவுக்குப் போட்டோ மாட்டியிருப்போம். இந்த வீட்டில் 2009க்கு முந்தைய படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, மாமியின் தம்பியுடையது. அதுவும் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. ஸ்டூடியோக்காரர் பின்னணிக்கு நீல வானமும் மேகமும் போட்டுக் கொடுத்திருக்கிறார். சட்டையைக்கூட வேறு வரைந்திருக்கிறார். இடது தோளில் மட்டும் அட்டையில் குத்திய முத்திரையின் வளைவு, பாதி எழுத்தோடு, அழியாமல் நிற்கிறது. போட்டோஷாப்பில் பிழைப்பவன் நான். அரை மணி நேரத்தில் அதை எடுத்துவிடலாம். மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். “அம்மாட்டக் கேக்காதீங்க” என்றாள். மாமி தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார். முத்திரை இருக்கிற தோளையும் சேர்த்துத்தான்.

பெட்ரோல் வரிசையில் கிடைத்த ஒரு சிநேகிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையாளபுரத்துக்காரர், வயதில் மூத்தவர். நான் வாயைத் திறந்ததுமே, “நீங்க இந்தியாவுங்களா?” என்றார். அந்தப் பேச்சு என் காதுக்கு நேராக எங்கள் பக்கத்துப் பேச்சு. அவருடைய தாத்தா துறையூரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அடிபட்டு, சிறு பையனாகப் பெற்றோரோடு வன்னிக்கு ஓடி வந்தவர் இவர். கிளிநொச்சியைச் சுற்றி இப்படி மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஊர்கள் நிறைய. பெரும்பாலும் குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்கள். காணிக் காகிதம் கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்கிற கைகளில் பாதி அங்கேயிருந்துதான் வருகின்றன.

எனக்கு உறுத்துவது இதுதான். நான் ‘இந்தியா மருமகன்’ என்றால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். அவர் மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கிறார், இந்த மண்ணில் எல்லா இடப்பெயர்வும் பட்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பேசும்போது அதே ‘இந்தியா’ கொஞ்சம் கீழே இறங்கிய குரலில் வருகிறது. யோசித்துப் பார்த்தால் இராமநாதபுரத்தாரும் 1950களில் வந்தவர்கள்தானே! வந்த வருடத்தில் இருபது இருபத்தைந்து வருட வித்தியாசம், வந்த வழி வேறு, கையில் கிடைத்த காகிதம் வேறு. மாமாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நீர் சொல்லுறது சரிதான்” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சிநேகிதர் எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிடுகிறார். ஒழுங்கையில் மற்ற வீடுகளுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. இடியப்பமும் சொதியும் எனக்கு முதல் வாரத்திலேயே வசப்பட்டுவிட்டன. பருப்பு என்றால் இங்கே மைசூர்ப்பருப்புதான், துவரம்பருப்பு தேடி அலைய வேண்டும். காப்பி? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போடுகின்றன, ஒவ்வொரு மழைக்கு முன்னும் நான்தான் கூரையில் ஏறுகிறேன்.

இப்போது வீட்டில் பெரிய விஷயம், அம்மா முதல்முறையாக வரப்போகிறாள். நான் வந்தபோது கொழும்பைச் சுற்றித்தான் வர முடியும். இப்போது திருவாரூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற நாகப்பட்டினத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற நேரம்கூட இல்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், அதுதான் சிக்கல்.

இரண்டு அம்மாக்களும் என் ஃபோன் வழியாக ஏற்கெனவே பேரம் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பக்கமிருந்து துவரம்பருப்பு, சிக்கரி கலந்த காப்பித்தூள், கட்டிப் பெருங்காயம். இந்தப் பக்கமிருந்து வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி. மாமி மிளகாயை வெயிலில் காயப்போட்டாயிற்று. அப்பா வருவாரா என்று மாமா மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். அப்பா இன்னும் பிடிகொடுக்கவில்லை. ‘சம்பந்தி வீட்டில் போய் ராத் தங்குவதா’ என்பது ஒரு பக்கம். மகன் அங்கே மண்வெட்டி பிடிக்கிறான் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள், அது இன்னொரு பக்கம். அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது. ஆதாரில் உள்ள பெயருக்கும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் ஒரு எழுத்து உதைக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் கைக்கு வந்தால் கப்பல், இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம்.